புகார் கொடுத்தால் அத்தையை வெளியே அனுப்பிவிடுவார்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். பெயர், ஊர், ஹோமின் அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர் இவர். மாமியாருக்கு 81 வயது. கரும்புத் தோட்டப் பக்கம் பிறந்து, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடித்தனம் நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மறதி நோய் முற்றி, நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போக ஆரம்பித்ததும், குடும்பம் கூடிப் பேசி ஒரு முதியோர் ஹோமின் ஃப்ரெயில் கேர் (முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுவோர்) பிரிவில் சேர்த்தார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மூத்த மகன்தான் கையெழுத்துப் போட்டார். மாதக் கட்டணம் கட்டுவதும் அவர்தான். அம்மா தெளிவாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் அவரிடம் இருக்கிறது.

முதல் சில மாதங்கள் குறையில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 46 ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஐந்து ரேண்ட் காசு அகலத்துக்கு ஒரு புண். மேல் கையில் விரல் பதிந்தது போல நீலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போனபோது, படுக்கை விரிப்பால் சக்கர நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். அத்தை தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு மேனேஜர், “வயசானால் இப்படித்தான். காயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே” என்றாராம். ஜோஹன்னஸ்பர்க் அண்ணனோ, “வாயைத் திறக்காதே, வெளியே அனுப்பிவிட்டால் நீ பார்ப்பாயா?” என்கிறார். கணவர் அண்ணனை மீறிப் பேச மாட்டார். “மருமகள் நான் என்ன செய்ய முடியும்? ரகசியமாகக் கேமரா வைக்கலாமா? இல்லை, பேசாமல் வீட்டுக்கே கூட்டி வந்துவிடட்டுமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “நம்ம ஜனங்க அப்பா அம்மாவை ஹோமில் விட்டதே கிடையாது, நாங்கதான் விட்டுட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. ஆரியன் பெனவலென்ட் ஹோம் என்ற ஆதரவற்றோர் இல்லத்தை டர்பன் இந்தியர்கள் 1921-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். இரவில் தெருவுக்கு ஓடும் ஒருவரை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாமல் ஹோமில் சேர்த்தது துரோகம் இல்லை. ஆனால் இந்தக் குற்ற உணர்ச்சி ஒரு கெடுதல் செய்கிறது: “நாமே கொண்டுவந்து விட்டோம், இனிமேல் எந்த முகத்தோடு கேள்வி கேட்பது” என்று குடும்பங்களின் வாயை அடைத்துவிடுகிறது. பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

மருமகளுக்கு என்ன உரிமை?

உரிமை மட்டுமில்லை, கடமையே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் சட்டம் என்பது 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 26-ஆம் பிரிவு, ஒரு முதியவர் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று சந்தேகப்படும் எவரும் உடனே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. “எவரும்” என்றால் மகன், மகள், மருமகள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர், தரை துடைப்பவர், எல்லோரும்தான். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

“என்னிடம் ஆதாரம் இல்லையே” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. சட்டம் உங்களிடம் கேட்பது சந்தேகத்தை மட்டும்தான். விசாரிப்பது அவர்கள் வேலை.

கொடுமை என்றால் அடிப்பது மட்டும்தான் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்த இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, அதனால் முதியவருக்குத் தீங்கோ வேதனையோ வந்தால் அதையும் கொடுமை என்றே சொல்கிறது. யாரும் கை ஓங்கியிருக்க வேண்டியதில்லை.

அந்தப் புண்ணிலிருந்து ஆரம்பிப்போம்

மேனேஜர் சொன்னது பாதி உண்மை. வயதான தோல் மெலிந்துபோகும், சட்டென்று நீலம் கட்டும். ஆனால் படுக்கைப் புண் வயதால் வருவதில்லை. ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, மணிக்கணக்கில் அழுத்தம் விழுந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது; தோல் சாகும். அதனால்தான் பிட்டத்துக்கு மேலே, குதிகால், இடுப்பு எலும்பு என்று எலும்பு முட்டுகிற இடங்களில் வருகிறது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பரவலான வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அதைவிட அடிக்கடி அசைக்க வேண்டும். ஆக, விரிப்பால் கட்டி நாற்காலியில் விட்டதையும் புண் வந்த இடத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது இதைச் செய்யுங்கள். துணி மாற்றும் நேரத்தில் கூட இருக்க அனுமதி கேளுங்கள். குதிகாலைப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. சிவந்திருந்தால் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண்ணின் முதல் படி அதுதான். கருத்த தோல் கொஞ்சம் ஏமாற்றும். அங்கே சூடு, வீக்கம், கல் போன்ற இறுக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். புண்ணில் நாற்றம், கறுப்பு, சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் என்று எது இருந்தாலும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எடையையும் விடாதீர்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை தானாகக் குறைந்தால் எந்த டாக்டரும் அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாகவே எடுத்துக்கொள்வார். அத்தைக்கு அதற்கு மேலேயே குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மாலை நாலரைக்குச் சாப்பாடு, மறுநாள் ஏழரைக்குத்தான் கஞ்சி. பதினைந்து மணி நேரம். நடுவில் ஒரு வாய் பால் கொடுக்கிறார்களா? தட்டை முன்னால் வைத்துவிட்டு, அரை மணி கழித்து அப்படியே எடுத்துப் போகிறார்களா, அல்லது யாராவது உட்கார்ந்து ஊட்டுகிறார்களா? ஞாயிறு மதியம் எல்லோரும் வருகிற நேரத்தில் இது தெரியாது. நாலரை மணிக்குப் போய் உட்காருங்கள். பல் செட் வாயில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல் செட் தொலைந்துபோய் மெலிந்தவர்கள் உண்டு.

புரட்டாசியில் அத்தைக்குக் கோழிக்கறி வைத்தார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஆயுசு முழுக்கப் புரட்டாசி விரதம் இருந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஹோமில் இருப்பவருக்குத் தன் விருப்பப்படி சமய, சமூகக் காரியங்களில் பங்கெடுக்கும் உரிமையைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தருகிறது. ஹோமுக்கு நீங்கள் எழுத வேண்டிய புகார்க் கடிதத்தில் அதையும் சேருங்கள். ஆனால் அதை முதலில் எழுதாதீர்கள். முதலில் புண், அப்புறம் எடை, அப்புறம் கட்டிப்போட்டது. சாப்பாட்டில் ஆரம்பித்தால் மொத்தக் கடிதத்தையும் சாப்பாட்டுத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அத்தை தலை தொங்கித் தூங்கியது மருந்தாலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், நான் சமூகப் பணியாளர், டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி உண்டு: எந்த மாத்திரை, எப்போதிலிருந்து, எந்த டாக்டர் எழுதினார், யாரிடம் சம்மதம் கேட்டார்? மறதி நோய் உள்ள முதியவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் சிலவற்றால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. கொடுக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. காரணமும் அளவும் மறுபரிசீலனைத் தேதியும் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

கட்டுவதும் அப்படித்தான். விழாமல் இருக்கத்தான் கட்டினோம் என்பார்கள். கட்டப்பட்டவர் திமிறி, நாற்காலியோடு சாய்வதும் சறுக்கி இறுகுவதும் நடக்கிறது. எழுத்தில் உத்தரவு உண்டா, எத்தனை நேரம் கட்டியிருந்தார்கள், இடையில் யார் வந்து பார்த்தார்கள்? பதில் வாயில் வந்தால் போதாது, ஏட்டில் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொன்று. அத்தையைப் பார்த்துக்கொள்ளும் கேரர் பெண்ணின் மேல் பாயாதீர்கள். ராத்திரி ஒரே ஆள் எத்தனை பேரைப் பார்க்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணிக்கொருதரம் அத்தனை பேரையும் ஒருத்தி திருப்பிப் போட முடியாது. அது நிர்வாகம் போட்ட கணக்கு. இரவில் பதிவு பெற்ற நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். தோள்பட்டையில் மெரூன் பட்டை இருந்தால்தான் அவர் அந்தத் தகுதி உள்ள சிஸ்டர். வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை. சிஸ்டர் தவறு செய்திருந்தால் நர்ஸிங் கவுன்சிலில் புகார் செய்யலாம். சாதாரண கேரருக்கு அந்த வழி இல்லை, நிர்வாகம்தான் பொறுப்பு. அப்புறம், அத்தைக்கு இங்கிலீஷ் மறந்து தமிழ் மட்டும் வருகிறது என்கிறீர்கள். பார்த்துக்கொள்பவர்கள் ஸூலு பேசுபவர்கள். தண்ணி, வலி, ஒண்ணுக்கு, பசி, குளிர் என்று அத்தை சொல்லும் ஐந்தாறு சொற்களை அவர்கள் படிக்கிற எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தத்தையும் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். புகார் ஒரு பக்கம் போகட்டும், இது நாளைக்கே உதவும்.

காகிதங்களைப் பற்றிய மூன்று தவறான நம்பிக்கைகள்

முதலாவது, பவர் ஆஃப் அட்டர்னி. அண்ணனிடம் அது இருப்பதால் அவர் சொல்வதே சட்டம் என்று எல்லோரும் பயப்படுகிறீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் தன் காரியத்தைத் தானே புரிந்து முடிவு செய்யும் நிலையை இழந்தால் அந்தப் பத்திரமும் செல்லாமல் போகிறது. பிற நாடுகள் சிலவற்றில் இருப்பது போல, மறதி வந்த பிறகும் நீடிக்கும் பத்திரம் இங்கே இல்லை. பலருக்கு இது தெரியாது. பத்திரத்தை வைத்து வருஷக்கணக்கில் பேங்க் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அத்தையின் பணத்தையும் சொத்தையும் முறையாகக் கவனிக்க வேண்டுமானால், உயர் நீதிமன்றம் நியமிக்கும் கியூரேட்டரோ (சொத்துப் பாதுகாவலர்), மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் நிர்வாகியோ வேண்டும். இரண்டாவது வழியில் செலவு குறைவு. இதைச் சொல்லி அண்ணன் மேல் பழி போடச் சொல்லவில்லை. அவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். சிகிச்சை விஷயத்திலும் மூத்தவர் என்பதால் அவருக்குத் தனி அதிகாரம் இல்லை: தேசிய சுகாதாரச் சட்டம், தானே சம்மதிக்க முடியாதவருக்காகச் சம்மதம் கொடுக்கக்கூடியவர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் வயது வந்த பிள்ளைகள் ஒரே படியில் நிற்கிறார்கள். மூத்தவர், இளையவர் என்ற பேதம் கிடையாது. உங்கள் கணவரும் டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். அதனால் கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

இரண்டாவது, “பொறுப்பில்லை” என்ற ஒப்பந்த வரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடுமையான அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து எந்த ஒப்பந்தமும் ஒருவரை விடுவிக்க முடியாது. அப்படிப்பட்ட வரிகளை எளிய மொழியில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே சுட்டிக் காட்டியிருக்கவும் வேண்டும். நஷ்டஈடு கேட்க நினைத்தால் பொதுவாக மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு வக்கீலைப் பாருங்கள். இப்போதைக்கு அது அவசரம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. “லெட்டர்ஹெட்டில் என்பிஓ நம்பர் இருக்கிறது, அதனால் அரசாங்கப் பதிவு பெற்ற ஹோம்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்பிஓ நம்பர், லாப நோக்கமில்லாத அமைப்பு என்பதற்கான பதிவு. முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்க முதியோர் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி வேறு பதிவு வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எதுவரை செல்லும் என்று பாருங்கள், சமூக மேம்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2016-இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் பராமரிப்பு மையங்களிலிருந்து மனநல நோயாளிகளைத் தொண்டு அமைப்புகளுக்கு மாற்றினார்களே, நினைவிருக்கும். அந்த 27 அமைப்புகளின் உரிமங்களும் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபாவின் அறிக்கை சொன்னது. 144 பேர் இறந்தார்கள். அது மனநலச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம், உங்கள் ஹோமோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஒரு சான்றிதழைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளியே அனுப்புவார்களா?

அண்ணனின் பயம் இதுதான், நியாயமான பயமும்கூட. ஃப்ரெயில் கேரில் இடம் கிடைப்பது லேசில்லை. ஆனால் ஹோமில் இருப்பவரை வேறிடத்துக்கு மாற்றவோ அனுப்பவோ நினைத்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அதே 16-ஆம் பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்த மறுநாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைக்க முடியாது. உங்களைப் பார்க்க விடாமல் தடுக்கவும் முடியாது. நியாயமான நேரத்தில் பார்வையாளர் வருவதும் அத்தையின் உரிமை. என் அனுபவத்தில், எழுத்தில் கேட்ட குடும்பத்தின் ஆளை ஹோம்கள் கூடுதல் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

அதனால் இரண்டு கடிதம் எழுதுங்கள். முதலாவது ஹோம் நிர்வாகத்துக்கு, மேனேஜருக்கும் போர்டுக்கும் சேர்த்து. அதில் கோபம் வேண்டாம்: இந்தத் தேதியில் இதைப் பார்த்தோம், திருப்பிப் படுக்க வைக்கும் ஏடு, எடை ஏடு, மருந்துச் சீட்டு, விழுந்த சம்பவப் பதிவு இவற்றைப் பார்க்க வேண்டும், காற்று மெத்தை வேண்டும், புண்ணுக்கு எழுத்தில் சிகிச்சைத் திட்டம் வேண்டும், ஏழு நாளில் பதில் வேண்டும். காற்று மெத்தை கிடைத்தால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கரண்ட் போனால் அந்த மெத்தை வெறும் ரப்பர். குடியிருப்போர் குழு ஒன்று அங்கே இருக்க வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். உங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பம் தவித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கடிதம் சமூக மேம்பாட்டுத் துறைக்கு. ஏழு நாள் காத்திருந்துவிட்டு அனுப்புவதில்லை இது, கட்டிப்போட்டதையும் கை நீலத்தையும் எழுதி இப்போதே அனுப்ப வேண்டும். துறை நியமிக்கும் சமூகப் பணியாளரோ மருத்துவப் பணியாளரோ ஹோமுக்குள் வந்து பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. வாங்கிக்கொண்டதற்குப் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீலம் மறுபடி வந்தால் போலீஸ்.

கேமரா வேண்டாம். நீங்கள் எழுதியபடி அது நாலு பேர் படுக்கும் அறை. மற்ற மூன்று பேருக்கும் துணி மாற்றுவது அதில் பதியும். அவர்கள் மானமும் மானம்தான். நீங்கள் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்வது சட்டச் சிக்கலிலும் கொண்டு விடும். அதற்குப் பதில் புண்ணை மட்டும், பக்கத்தில் ஒரு காசு வைத்து, வாரம் ஒருமுறை போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், சொந்தக்காரர்களின் கோபம் ஊரெல்லாம் சுற்றும், புண் ஆறாது.

வீட்டுக்குக் கூட்டி வருவது? உங்கள் மனசு புரிகிறது. ஆனால் இன்றைய நிலையில் அத்தைக்கு ராத்திரியும் திருப்பிப் போட ஆள் வேண்டும், பெரும்பாலும் இரண்டு ஆள். நீங்கள் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். புண்ணோடு கூட்டி வந்து வீட்டில் அது பெரிதானால், ஹோம் உங்கள் மேலேயே பழியைத் திருப்பும். முதலில் வெளி டாக்டர் ஒருவரைக் கொண்டு புண்ணைப் பரிசோதித்து எழுத்தில் வாங்குங்கள். சொந்த டாக்டரை வைத்துக்கொள்ளவும் ஹோம்வாசிக்கு உரிமை உண்டு, செலவு நம்முடையது. அதற்கிடையில் வேறு ஹோம்களின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். பார்க்கப் போகும்போது பளபளக்கும் வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். ராத்திரி எத்தனை ஆள், சிஸ்டர் உண்டா, இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், குழாயில் தண்ணீர் நின்றால் ஜோஜோ டேங்க் (தண்ணீர்த் தொட்டி) உண்டா என்று கேளுங்கள். 2022 வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் பக்கம் குடும்பங்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

அண்ணனிடம் உங்கள் கணவரே பேசட்டும், நீங்கள் வேண்டாம். “நீ செய்தது தப்பு” என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவார். எடை ஏட்டின் நகலையும் புண்ணின் முதல் படத்தையும் அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கவில்லை என்றாலும் துறைக்குப் போகும் கடிதம் நிற்க வேண்டியதில்லை. அதற்கு அவர் கையெழுத்துத் தேவையில்லை.